எல்லா நாட்டு நெட்வொர்க்கும் ஒரே போனில்: பேண்ட் பட்டியலை நம்பிச் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஒரு எக்செல் ஷீட். இடப்பக்கம் நாடுகள், மேலே பேண்ட் (அலைவரிசைப் பட்டை) எண்கள், கட்டத்துக்குக் கட்டம் பச்சை. "அண்ணே, சிங்கப்பூர், இந்தியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் ஒரே போர்டில் கவர் பண்ணியாச்சு" என்றார். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு ஷீட்டை நம்பித்தான் நான் ஒரு டிசைனைக் கெடுத்தேன். எந்த நாட்டில் எந்த பேண்ட், சிப் அதைத் தாங்குமா என்பதெல்லாம் டேட்டாஷீட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பேண்டுகளைத் தனித்தனியாகப் பார்ப்பது

காசைக் கரியாக்குவது இதுதான்.

5ஜி பல இடங்களில் 4ஜியின் தோளில் ஏறித்தான் ஓடுகிறது. போன் ஒரே நேரத்தில் இரண்டிலும் பேசும். நம் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 4ஜிக்கு 1800 மெகா ஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3, 5ஜிக்கு 3.5 கிகா ஹெர்ட்ஸ், அதாவது என்78. பேண்ட் 3-ல் போன் அனுப்புவது 1710 முதல் 1785 வரை. இரண்டால் பெருக்குங்கள், 3420 முதல் 3570. என்78 இருப்பதோ 3300 முதல் 3800 வரை. ஆம்ப்ளிஃபையரில் ஏறும் எந்த அலைக்கும் அதன் இரட்டிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும், இங்கே அது நேராக 5ஜி கேட்கும் இடத்தில் போய் விழுகிறது. கோபுரத்திலிருந்து வருவது கிசுகிசுப்பு, நம் போனே காதுக்குள் கத்தினால் அது எப்படிக் கேட்கும்? கழித்தாலும் வம்புதான்: 5ஜியில் 3590, 4ஜியில் 1750 இரண்டிலும் சேர்ந்து அனுப்பினால் அவை கலந்து பிறக்கும் வித்தியாசம் 1840, பேண்ட் 3 கேட்பது 1805 முதல் 1880 வரை.

என் டிசைனில் பேண்ட் 3-ஐத் தனியாக அளந்தால் அருமை. என்78-ஐத் தனியாக அளந்தாலும் அருமை. இரண்டுக்கும் பாஸ் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். முதல் தொகுதி போன்கள் வந்த பிறகு, சோதனைக்கு எடுத்துப்போன சக ஊழியர் ஒருவர், வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கில் லிஃப்ட் பக்கம் நின்றால் 5ஜி என்று காட்டுகிறது, ஆனால் டவுன்லோடு தவழ்கிறது என்றார். கோபுரம் சரியாக எட்டாத இடத்தில்தான் போன் முழு பலத்தோடு அனுப்பும், இரட்டிப்பும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். லேபில் 4ஜியை 1750-ல் முழு பலத்துக்கு ஏற்றி, 5ஜியை 3500-ல் வைத்து அளந்தோம். உணர்திறன் 20 டெசிபலுக்கு மேல் சரிந்திருந்தது. அதாவது சிக்னல் நூறு மடங்கு பலமாக வந்தால்தான் காதில் விழும்.

ஆம்ப்ளிஃபையர்தான் காரணம் என்று நினைத்து அதன் வாசலில் இரட்டிப்பை வடிகட்டும் ஒரு ஹார்மோனிக் ஃபில்டரைச் சேர்த்தோம். ஒன்றும் தேறவில்லை. இரண்டு வாரம் தேடிய பிறகு பிடிபட்டது ஆன்டெனாவின் காலடியில் எள்ளளவில் உட்கார்ந்திருந்த டியூனர் ஸ்விட்ச், ஆன்டெனாவை அலைவரிசைக்கு ஏற்ப இசைப்பது. எல்லா ஃபில்டர்களையும் தாண்டிக் கடைசியில் இருப்பது அது, அது உண்டாக்கும் இரட்டிப்பை வடிகட்ட அதற்கப்புறம் எதுவுமே இல்லை. மைக்ரோஸ்கோப்பின் கீழ் அதைச் சூட்டு இடுக்கியால் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கெபாசிட்டரைச் சாலிடர் செய்தேன், திரையில் 3500-ல் நின்ற மேடு அப்படியே அமுங்கியது. சரி, காரணம் தெரிந்தது, ஆனால் ஸ்விட்சை மாற்றி, என்78 ஆன்டெனாவைப் போனின் மறுமுனைக்குக் கொண்டுபோய், போர்டை மறுபடி அடித்து, சான்றிதழ் சோதனைகளையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் போச்சு. இரண்டால் பெருக்கும் கணக்கை டிசைன் தொடங்கிய அன்றே போட்டிருக்க வேண்டும். மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி-யின் 38.101-3 ஆவணத்தில் எந்த ஜோடிக்கு எவ்வளவு உணர்திறன் குறையலாம் என்று அட்டவணையே இருக்கிறது. அதைத் திறக்காமல் புதியவர்கள் இன்னும் பேண்ட் பேண்டாகப் பச்சை அடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

பேண்ட் 28-ஐ ஒரே கட்டத்தில் அடைப்பது

அனுப்புவது 703–748, கேட்பது 758–803. நடுவில் வெறும் 10 மெகா ஹெர்ட்ஸ். இவ்வளவு அகலத்தை இவ்வளவு நெருக்கத்தில் ஒரு டூப்ளெக்சர் (அனுப்புவதையும் கேட்பதையும் பிரிக்கும் ஃபில்டர்) பிரிப்பது கஷ்டம் என்பதால் பெரும்பாலும் 703–733, 718–748 என்று இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு "28 உண்டு" என்று எழுதினால், மறுபாதி யாரிடம் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் சிம்மில் போன் திணறும்.

ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதை மறப்பது

66-க்குள் 4 அடக்கம். 41-க்குள் 38. என்77-க்குள் என்78. தனித்தனி ஃபில்டர் வேண்டாம்.

பேண்ட் 13-ஐ ஜிபிஎஸ் இல்லாமல் சோதிப்பது

777–787-இன் இரட்டிப்பு 1554–1574. ஜிபிஎஸ் இருப்பது 1575.42-ல். அமெரிக்க மாடலை மேப் ஓடும்போது அளந்து பாருங்கள்.

அலைவரிசை இருந்தால் அழைப்பு போகும் என்று நினைப்பது

சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே மூடப்பட்டது, 3ஜி 2024-ல். 4ஜி வழியே குரல் போகாவிட்டால் இறங்கி நிற்க வேறு படி இல்லை. வன்பொருளில் பேண்ட் 3 பிரமாதமாக இருக்கலாம், ஆனால் அந்தந்த நெட்வொர்க்குக்கான வோல்ட்இ (4ஜி வழிக் குரல்) அமைப்பு போனுக்குள் ஏற்றப்படாமல் இருந்தால் பேச முடியாது. தேக்காவில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஊரிலிருந்து மகன் அனுப்பிய போனைக் காட்டினார். வாட்ஸ்அப் வேலை செய்கிறது, வீடியோ ஓடுகிறது, நம்பரைப் போட்டு அழைத்தால் இரண்டு நொடியில் துண்டித்துக்கொள்கிறது. சிம் கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை சிம்மை மாற்றியிருக்கிறார். அவருக்கு இதய நோய் உண்டு, வீட்டில் தனியாக இருக்கிறார், ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க அவரிடம் இருப்பது அந்தப் போன் ஒன்றுதான். அன்றைக்கே வேறு போன் வாங்கிக் கொடுத்தோம்.

தம்பியின் ஷீட்டில் அவசர அழைப்புக்கு ஒரு வரிசையே இல்லை. இப்போது நாட்டுக்கு நாடு, நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பேண்ட் ஜோடிகளுக்குத் தனி ஷீட், அதில் பச்சை அடிக்க அளவை எண் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.