மவுஸை மூலைக்குத் தள்ளுங்கள், எல்லாச் சாளரங்களும் கண்முன் வரும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்து ஆட்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பி, கடிதம் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. கடை திறந்த அரை மணி நேரத்தில் மடிக்கணினியில் ஏழெட்டுச் சாளரங்கள் சேர்ந்துவிடும்: ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பக்கம், ஒருவருடைய ஐசி (அடையாள அட்டை) ஸ்கேன், இன்னொருவருடைய வேலை விண்ணப்பம், வாட்ஸ்அப், கணக்குத் தாள். ஒருநாள் அவசரமாக எதையோ தேடும்போது, காத்திருந்த பெரியவருடைய கடிதத்தை மூடி, சேமிக்கவா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்று அழுத்திவிட்டேன். திரும்ப முதலிலிருந்து அடித்து முடிப்பதற்குள் அவருடைய பஸ் போய்விட்டது. அந்த வருத்தத்தில்தான் இந்த மூலை வசதியைக் கற்றுக்கொண்டேன்.

மூலை ஏன் நல்லது என்றால், அங்கே குறி பார்க்கத் தேவையில்லை. சின்னப் பொத்தானை அழுத்த மவுஸைக் கவனமாக நிறுத்த வேண்டும். மூலைக்கு எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு திரையைத் தாண்டிப் போகாது, அங்கேயே நின்றுவிடும். குறி பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும் என்று பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் கணக்காகவே எழுதி வைத்தார். மூலை பார்க்கச் சிறியது, ஆனால் கைக்குப் பெரிய குறி.

என் பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், சின்னமன் பதிப்பு. அதற்கான வழியை முதலில் சொல்கிறேன்.

மெனுவைத் திறந்து சிஸ்டம் செட்டிங்ஸுக்குப் போங்கள், அதில் ஹாட் கார்னர்ஸ் என்று ஒன்று இருக்கும். நான்கு மூலைக்கும் தனித்தனி அமைப்பு. மேல் இடது மூலையை இயக்கிவிட்டு, அதன் செயலாக 'ஷோ ஆல் விண்டோஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரி, இப்போது மவுஸை மேல் இடது மூலைக்குத் தள்ளிப் பாருங்கள். திறந்திருக்கும் சாளரங்கள் எல்லாம் சிறிதாகிப் பரவி நிற்கும், வேண்டியதைக் கிளிக் செய்தால் அது முன்னால் வரும்.

மேல் வலது மூலையைத் தொடவேண்டாம் என்பது என் கருத்து. சாளரத்தை மூடும் பெருக்கல் குறி அங்கேதான் இருக்கிறது, மூடப் போகும்போதெல்லாம் தேவையில்லாமல் எல்லாம் பரவி நின்றால் எரிச்சல் வரும். கீழ் இடதில் மெனு இருப்பதால் அதையும் விட்டுவிடுங்கள்.

அதே இடத்தில் தாமத நேரமும் இருக்கும், அதாவது மவுஸ் மூலையில் எவ்வளவு நேரம் நின்றால் செயல் நடக்க வேண்டும் என்பது, மில்லி விநாடிக் கணக்கில். ஆரம்பத்தில் 300 வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா பல வருடம் ரப்பர் பால் வெட்டியவர், விரல் மூட்டெல்லாம் வலி, சாளரம் மாற்ற ஆல்ட்டையும் டேப்பையும் சேர்த்து அழுத்த அவருக்கு முடியவில்லை. மூலைக்குத் தள்ளுவதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். கை தானாக மூலைக்குப் போய்விடுகிறது என்றார், தாமதத்தை 500 ஆக்கியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் கீழ் வலது மூலைக்கு 'ஷோ தி டெஸ்க்டாப்' கொடுங்கள். இது எனக்கு மிக முக்கியம். அடுத்த ஆள் வந்து பக்கத்தில் நின்றதும் மவுஸை அந்த மூலைக்குத் தள்ளினால் எல்லாம் மறைந்துவிடும், இன்னொருவருடைய ஐசி எண்ணும் ஈபிஎஃப் கணக்கும் இவர் கண்ணில் படாது. நம்மை நம்பிக் கொடுத்த விவரம் இல்லையா? மறுபடி அதே மூலைக்குப் போனால் சாளரங்கள் திரும்பி வரும்.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' பகுதிக்குப் போய்க் கடைசி வரை கீழே இறங்கினால் ஹாட் கார்னர்ஸ் பொத்தான் இருக்கும். அங்கே 'மிஷன் கன்ட்ரோல்' என்பதுதான் எல்லாச் சாளரங்களையும் காட்டும். தேர்ந்தெடுக்கும்போது கமாண்ட் விசையைப் பிடித்துக்கொண்டால், அந்த விசையோடு சேர்த்து மூலைக்குப் போனால் மட்டுமே வேலை செய்யும்.

விண்டோஸ் 10, 11இல் இப்படி மூலைக்கு மூலை செயல் வைக்கும் அமைப்பு இல்லை. விண்டோஸ் விசையோடு டேப் அழுத்தினால் எல்லாச் சாளரங்களும் தெரியும், விண்டோஸ் விசையோடு டி அழுத்தினால் எல்லாம் மறையும். ஆனால் அங்கேயும் மூலைக்கு ஒரு வேலை இருக்கிறது: சாளரத்தின் தலைப்பைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்து விட்டால் அது திரையின் கால்பங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐசி ஸ்கேனை மேல் இடதில் விட்டு, பாரத்தை வலது ஓரத்துக்கு இழுத்து அரைப்பங்காக்கிக்கொண்டால் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தப்பில்லாமல் அடிக்கலாம்.