எந்தத் திரை மனசுக்குப் பாரம்? மூளை அலையைப் பதிந்து பார்க்கும் முறை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உற்பத்திக் கணக்கு ஏற்றும் மென்பொருளுக்கு இரண்டு திரை வடிவங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எது சிரமம் என்று வேலை செய்பவர்களைக் கேட்டால், "ரெண்டும் பரவால்லீங்க" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். அங்கேதான் இ.இ.ஜி. பதிவு, அதாவது தலைத் தோலில் மின்முனைகளை ஒட்டி மூளை அலையைப் பதிவது, உதவுகிறது. ஆனால் பதிவின் தரம் தலைமுடியிலேயே முடிவாகிவிடும். பிறகு எந்தக் கணக்கீடும் அதைக் காப்பாற்றாது.

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அக்கா, ஷாம்பு போட்டுத் தலைக்கு ஊத்திட்டு வாங்க, எண்ணெய் வெக்க வேண்டாங்க." தேங்காய் எண்ணெய் மின்சாரம் கடத்தாது, தோலுக்கும் மின்முனைக்கும் நடுவே படலமாக நின்றுவிடும்.

மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை நாடா பிடித்து அளக்கவும். 36 செ.மீ. வந்தால், முன்னிருந்து 10.8-இல் எஃப்இசட் (முன்பக்க முனை), 18-இல் சிஇசட் (உச்சி முனை), 25.2-இல் பிஇசட் (உச்சிக்குப் பின்னால் உள்ள முனை). தரை முனையையும் (எர்த்), மற்ற முனைகளை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு முனையையும் முதலில் சரிசெய்யுங்கள். அவை கெட்டால் எல்லாச் சேனலும் (ஒவ்வொரு முனையின் பதிவுக் கோடும்) கெடும். பஞ்சுக் குச்சியால் முடியை விலக்கி, ஜெல் தோலில் படும்படி வையுங்கள். மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முடியை மறுபடி விலக்குங்கள், ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள். பக்கத்து முனை வரை வழிந்தால் இரண்டு சேனலும் ஒரே கோட்டை வரையும்.

சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் அடுத்த கட்டடத்தில் விசைத்தறி ஓடும். கரண்ட் தரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை மென்பொருளில் உள்ள வடிகட்டி நீக்கிவிடும். மோட்டார் போடும்போது வரும் திடீர்க் குதிப்பை எடுக்காது. மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுங்கள், யுபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தள்ளி வையுங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் பதிய வேண்டாம். வியர்வை கோட்டை மெல்ல மெல்ல மேலும் கீழும் இழுக்கும்.

வேலையைத் தொடங்குமுன், பதிவு சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் கண் மூடச் சொல்லுங்கள். பின்மண்டையில் 10 ஹெர்ட்ஸ் அருகே ஆல்ஃபா என்ற மூளை அலை எழும், கண் திறந்ததும் அடங்கும். சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா குறைவு. அவர்களைக் கண் சிமிட்டச் சொல்லுங்கள். நெற்றி முனைகளில் பெரிய அலை வராவிட்டால் வயர் மாறியிருக்கும்.

பாதிப் பேர் முதல் திரையில் தொடங்கட்டும், மீதிப் பேர் இரண்டாவதில் தொடங்கட்டும். இல்லாவிட்டால் பழக்கமும் களைப்பும் திரையின் குணம்போலத் தெரியும். 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, 2 விநாடித் துண்டுகளாக வெட்டி, ±100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டியவற்றை நீக்குங்கள். பாரம் கூடினால் பொதுவாக எஃப்இசட்டில் 4–8 ஹெர்ட்ஸ் தீட்டா அலை ஏறும், பிஇசட்டில் 8–13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா இறங்கும். ஒவ்வொருவரையும் அவரவர் ஓய்வு நிலையோடு ஒப்பிடுங்கள். எந்தத் திரையில் எத்தனை விசை தட்டினார்கள் என்பதையும் எண்ணுங்கள். அதிகம் தட்டினால் கழுத்துத் தசையின் மின்சாரமும் உள்ளே வரும்.

பாரத்தைக் கண்டு திரை தானே எளிமையாகும் இடைமுகம் வரை போவதானால், ஒருவரின் துண்டுகளை, பாரத்தைக் கண்டறியும் நிரலின் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போடாதீர்கள். ஆளையே முழுதாக ஒதுக்கிச் சோதியுங்கள். முந்தைய வழியில் வரும் உயர்ந்த மதிப்பெண் புது ஆள் உட்கார்ந்ததும் சரிந்துவிடும்.

சம்மதப் படிவம் தமிழிலேயே இருக்கட்டும், வாய்விட்டுப் படித்தும் காட்டுங்கள். கோப்பில் பெயருக்குப் பதில் எண் போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டுங்கள். எந்த அக்கா எந்தத் திரையில் திணறினார் என்பது கம்பெனி மேனேஜர் கேட்டாலும் கொடுக்கக் கூடாத தகவல். அதைக் கேட்க மாட்டோம் என்று பதிவுக்கு முன்பே கம்பெனியிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.