'டேக்' என்பதை 'எடு' என்று மட்டும் படிக்காதீர்கள்

'டேக்' என்னும் ஆங்கில வினைக்குப் பள்ளியில் 'எடு' என்று ஒரே பொருளைப் படித்துவிட்டு, அதையே எல்லா இடத்திலும் பொருத்தப் பார்ப்பதால்தான், பாளையங்கோட்டையில் என்னிடம் மாலை வேளையில் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள் பேச்சின் நடுவே தடுமாறி நிற்கிறார்கள். அவர்களிடம் 'பிடி' என்ற சொல்லை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆங்கிலத்துக்கு இந்த வினை, பற்றுதலைக் குறிக்கும் 'டாகா' என்ற சொல்லிலிருந்து, அதாவது ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழைய மொழியான நார்ஸிலிருந்து வந்தது. பஸ் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், ஒரு வேலைக்கு இரண்டு நாள் பிடிக்கும் என்கிறோம். இம்மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'டேக்' பொருந்துவதைக் கவனியுங்கள்.

நேரத்தைச் சொல்லும்போதுதான் பிழை மிகுதி. 'செங்கோட்டைக்கு ரயிலில் போக இரண்டு மணி நேரம் ஆகும்' என்று சொல்ல நினைப்பவர், 'ஆகும்' என்பதை அப்படியே பெயர்த்து 'பிகம்' என்று எழுதிவிடுகிறார். அங்கே 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்றே தொடங்க வேண்டும். 'எனக்கு' இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், 'டேக்ஸ்' என்பதை அடுத்து 'மீ' சேர்த்தால் போதும்.

ஆச்சியை நெல்லையப்பர் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதும், தேங்காய் பழத்தைக் கொண்டு போவதும் 'டேக்'தான். ஆளுக்கும் பொருளுக்கும் ஆங்கிலம் வேறுபாடு காட்டாது. 'போ' வருமிடத்தில் 'டேக்', 'வா' வருமிடத்தில் 'பிரிங்' என்று வைத்துக்கொள்ளலாம். 'உங்கள் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வருகிறேன்' என்று தொலைபேசியில் சொல்லும்போதும் 'பிரிங்' என்றே வரும் என்பதால், இவ்விடத்தில் நம் தமிழே நமக்கு நல்ல துணை.

மாத்திரை சாப்பிடுவதை 'ஈட்' என்று சொல்லாமல் 'டேக்' என்றே சொல்ல வேண்டும். சோற்றுக்கு அது வேண்டாம்; 'ஹேவ் யூ டேக்கன் லஞ்ச்?' என்று நம் ஊரில் மரியாதையோடு கேட்பது நம்மவர்க்கு விளங்கும், ஆனால் இங்கிலாந்துக்காரர் 'ஹேவ் யூ ஹேட் லஞ்ச்?' என்பார். ஆசிரியர் 'வகுப்பு எடுத்தார்' என்பதிலும் எச்சரிக்கை தேவை. 'டேக் எ கிளாஸ்' என்றால் வகுப்பில் சேர்ந்து படிப்பதாகவும் பொருள்படும் என்பதால், 'டீச்' என்று எழுதுவதே தெளிவானது.

பின்னால் ஒட்டும் சிறு சொற்கள் பொருளை முழுவதும் மாற்றிவிடும். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுவதும், தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து விமானம் மேலெழும்புவதும் 'டேக் ஆஃப்'. பிள்ளை தாயை உரித்து வைத்திருப்பது 'டேக் ஆஃப்டர்'.

இறந்தகாலத்தில் 'டுக்' என்றும், 'ஹேவ்', 'இஸ்' ஆகியவற்றின் பின் 'டேக்கன்' என்றும் வரும். பஸ்ஸில் துண்டு போட்ட இருக்கையைக் காட்டி 'ஆள் வருதா?' என்று கேட்கிறோமே, அதற்கு ஆங்கிலம் 'இஸ் திஸ் சீட் டேக்கன்?' என்பது, யாரும் வரவில்லை என்றால் 'நோ' என்று சொல்லித் துண்டை எடுத்துவிடலாம்.