சிம் கம்பெனி விக்கிற சீப் போன்: வாங்கலாமா வேணாமான்னு எப்படி பாக்குறது

ஜியோ, ஏர்டெல் மாதிரி கம்பெனி கம்மி ரேட்ல ஒரு போன் விட்டா நம்ம ஆளுங்க மொதல்ல கேக்குறது ரேம் எவ்ளோ, கேமரா எவ்ளோன்னு தான். அத கடைசியா பாத்துக்கலாம். சிம் கம்பெனி போன் விக்கிறதே போன்ல காசு பாக்க இல்ல, ரெண்டு மூணு வருஷத்துக்கு நீங்க வேற பக்கம் போகாம அவங்ககிட்டயே ரீசார்ஜ் பண்ணணும்னு தான், அதனால பெட்டில போட்ட ரேட்ட விட்டுட்டு பேனாவும் பேப்பரும் எடுத்து உக்காருங்க.

ஜியோபோன் நெக்ஸ்ட் ஞாபகம் இருக்கா, 2021 தீபாவளிக்கு கூகுளோட சேந்து விட்டாங்களே, அத வச்சே கணக்கு போட்டு காட்டுறேன், ஏன்னா இந்த வகை ஆஃபர் எல்லாத்துக்கும் அது நல்ல மாதிரி. மொத்தமா குடுத்தா 6,499 ரூபா. டியூல எடுத்தா கைல 1,999, அதோட ப்ராசஸிங் ஃபீஸ் 501, ஆக மொத்தம் 2,500 கட்டிட்டு போன தூக்கிட்டு வந்துடலாம். விளம்பரத்துல பெருசா தெரிஞ்சது அந்த 1,999 தான். அப்புறம் மாசா மாசம் டியூ, அதுக்குள்ளயே ரீசார்ஜும் அடக்கம். தினம் 1.5 ஜிபி வர்ற பிளான 24 மாசத்துக்கு எடுத்தா மாசம் 450, மொத்தம் 10,800. முன்னாடி கட்டுன 2,500 சேத்தா 13,300. இதுல போனோட வில 6,499 கழிச்சா மிச்சம் 6,801, அதாவது ரெண்டு வருஷ ரீசார்ஜுக்கும் வட்டிக்கும் சேத்து நீங்க குடுக்குறது அது. அதே நேரத்துல ஜியோல 1.5 ஜிபி பேக் 28 நாளைக்கு 199 ரூபா, ரெண்டு வருஷத்துக்கு 26 தடவ போடணும், 5,174 ஆகுது. அப்போ டியூல எடுத்தவங்க 1,627 ரூபா கூட குடுக்குற மாதிரி வருது. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, அந்த டிசம்பர்லயே பேக் 239 ஆயிடுச்சு, அத வச்சு போட்டா வித்தியாசம் 587 தான். ரேட் ஏத்துறப்போ டியூ பிளான் ஒரு வகைல நம்மள காப்பாத்தும், அதையும் சொல்லணும்ல.

இதே கணக்க இன்னைக்கு உங்க கண்ணுல படுற ஆஃபருக்கு போடுங்க. ஒண்ண மட்டும் மறக்காதீங்க, 28 நாள் பேக்னா வருஷத்துக்கு 12 இல்ல 13 ரீசார்ஜ். நிறைய பேர் 12-ஆல பெருக்கிட்டு லாபம்னு நினைச்சுக்குவாங்க.

கேஷ்பேக், டெபாசிட் திருப்பி தர்றோம்னு சொல்றது தனி ரகம். 2017-ல ஏர்டெல் கார்பன் ஏ40 போன 1,399 ரூபான்னு விளம்பரம் பண்ணாங்க. கைல குடுக்க வேண்டியது 2,899. 36 மாசம் விடாம 169 பேக் போட்டா 18 மாசம் கழிச்சு 500, 36 மாசம் கழிச்சு 1,000 திரும்பி வரும், அப்போ தான் அது 1,399. அந்த 36 ரீசார்ஜே 6,084 ரூபா ஆகுது, அதுவும் 1 ஜிபி ரேம் போன மூணு வருஷம் வச்சிருந்தா! அதே வருஷம் வந்த ஜியோபோன்ங்கிற பட்டன் போன்ல 1,500 ரூபா டெபாசிட், மூணு வருஷம் கழிச்சு போன திருப்பி குடுத்தா பணம் வரும்னாங்க, வருஷத்துக்கு இவ்ளோ ரீசார்ஜ் பண்ணியிருக்கணும்னு அதுலயும் கண்டிஷன். என் ரூல் சிம்பிள்: ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு வர்ற கேஷ்பேக்க கணக்குல சேக்கவே கூடாது, வந்தா பாத்துக்கலாம்.

அடுத்து லாக். இதுல ரெண்டு மூணு வகை இருக்கு, கடைக்காரர்கிட்ட "லாக் இருக்கா"ன்னு பொதுவா கேட்டா "அதெல்லாம் இல்ல சார்"னு தான் பதில் வரும், அதனால பிரிச்சு கேக்கணும். மொதல் வகை சிம் லாக், வேற கம்பெனி சிம் போட்டா எடுக்கவே எடுக்காது. ரெண்டாவது அரைகுறை லாக், ஜியோபோன் நெக்ஸ்ட்ல ரெண்டு சிம் ஸ்லாட் இருந்துச்சு, ஆனா நெட் ஜியோல தான் ஓடும், இன்னொரு சிம்ம பேசுறதுக்கு வச்சுக்கலாம். மூணாவது டியூ லாக், டியூ கட்டலைன்னா போனையே முடக்கிடுவாங்க, ஜியோபோன் நெக்ஸ்ட்லயும் இது இருந்துச்சு, இப்ப ஃபைனான்ஸ்ல எடுக்குற பல போன்ல இருக்கு. கடைசி டியூ கட்டுனதும் அந்த லாக்க யார் எடுப்பாங்க, தானா போகுமா, கடைக்கு வரணுமான்னு வாங்குற அன்னைக்கே கேட்டு பில்லுல எழுதி வாங்கிடுங்க.

இதுல ஒரு குழப்பம் வேற. 1900-க்கு மெசேஜ் போட்டு நம்பர வேற கம்பெனிக்கு மாத்திக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. நம்பர் போகும், போன் போகாது. போர்ட் பண்ண அப்புறம் அந்த லாக் போன்ல புது சிம் வேல செய்யாது, அப்போ இன்னொரு போன் வாங்கணும்.

லாக் இருந்தாலே மோசம்னு சொல்ல மாட்டேன். 2023-ல போக்கோ சி51 வந்தப்போ ஆரம்ப ஆஃபர்ல 7,799, கொஞ்ச மாசத்துல ஏர்டெல் லாக் போட்ட அதே போன் 5,999, லாக் 18 மாசம். 1,800 ரூபா கம்மி, அதாவது மாசத்துக்கு 100 ரூபா வாங்கிட்டு ஏர்டெல்லயே இருக்கேன்னு ஒத்துக்குறீங்க. உங்க வீட்ல ஏர்டெல் டவர் நல்லா எடுக்குது, எப்படியும் மாறப்போறதில்லன்னா இது சும்மா கிடைக்கிற காசு தான். லாக் இல்லாமலும் அதே மாடல் வெளில விக்குதுன்னா லாக்கோட வில என்னன்னு இப்படி தெளிவா தெரிஞ்சிடும். கம்பெனிக்குன்னே செஞ்ச போன்ல ஒப்பிட எதுவும் இல்ல, அதே ரேட்ல கடைல கிடைக்கிற வேற போனோட ஸ்பெக்க வச்சு தான் பாக்கணும்.

டவர் விஷயத்த வீட்லயே செக் பண்ணுங்க, கடைல இல்ல. அந்த சிம் ஏற்கனவே யார்கிட்டயாவது இருக்கும், பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டா கூட குடுப்பாங்க, வாங்கி நம்ம போன்ல போட்டு அடுப்படி, படுக்குற ரூம், மாடின்னு நடந்து பாருங்க. 2300 மெகாஹெர்ட்ஸ் அலை செவுத்த தாண்டி உள்ள வர திணறும், 850 நல்லா வரும், அதனால வாசல்ல நாலு கோடு காட்டுற சிம் உள்ள போனா தவிக்கும். அப்புறம் போன் எந்த பேண்ட் (அலைவரிசைக்கு குடுத்திருக்குற நம்பர்) எல்லாம் எடுக்கும்னு பெட்டிலயோ கம்பெனி சைட்லயோ பாருங்க. ஜியோ 4ஜிக்கு பேண்ட் 3, 5, 40. லாக் முடிஞ்ச அப்புறம் பிஎஸ்என்எல் போடுற ஐடியா இருந்தா 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28 இருக்கணும்.

5ஜின்னு பெட்டில போட்டிருந்தா இன்னும் ஒண்ணு. ஜியோ போட்டது எஸ்ஏ வகை 5ஜி, அதாவது 4ஜி துணை இல்லாம தனியா ஓடுறது; ஏர்டெல் போன்களுக்கு ஆரம்பிச்சது என்எஸ்ஏ, அது 4ஜிய துணைக்கு வச்சு ஓடுறது. 2024-ல வந்த ரெட்மி ஏ4 5ஜில எஸ்ஏ மட்டும் தான், அதனால ஏர்டெல் சிம் போட்டவங்களுக்கு 5ஜி போன்ல 4ஜி தான் ஓடுச்சு. அது லாக் போன் கூட இல்ல, திறந்த மார்க்கெட்ல வித்தது. ஸ்பெக்ல எஸ்ஏ, என்எஸ்ஏ ரெண்டும் இருக்கான்னு பாத்துட்டு தான் 5ஜிக்கு கூட காசு குடுக்கணும்.

ஸ்பெக் பத்தி சுருக்கமா. 2 ஜிபி ரேம்ல வாட்ஸ்அப், யூடியூப் ஓடும், நடுவுல ஜிபே திறந்தா பின்னாடி இருந்தது மூடிக்கும், பொறுமை இருந்தா ஓகே. 4 ஜிபிக்கு கீழ நான் யாருக்கும் சொல்றதில்ல. 32 ஜிபி ஸ்டோரேஜ்ல சிஸ்டமே நல்ல பங்கு எடுத்துக்கும், ஃபேமிலி குரூப்ல வர்ற குட்மார்னிங் வீடியோல மிச்சம் ரொம்பிடும். கேமரா மெகாபிக்சல் நம்பர நம்பவே நம்பாதீங்க. கழட்டுற பேட்டரி இருந்தா அது பழைய ஸ்டைல்னு முகம் சுளிக்காதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு நாமளே மாத்திக்கலாம். செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி அப்டேட் தேதி என்ன காட்டுதுன்னு கண்டிப்பா பாருங்க, போன் புதுசு ஆனா அப்டேட் ரொம்ப பழசுன்னா இனிமேலும் வரும்னு எதிர்பாக்க வேணாம், பேங்க் ஆப் வைக்கப்போற போன்ல இது முக்கியம்.

கடைல டெமோ பீஸ் கேளுங்க. ஸ்பீக்கர்ல ஒரு கால் பேசி பாருங்க, வெயில்ல கொண்டு போய் ஸ்க்ரீன் தெரியுதான்னு பாருங்க, தமிழ் கீபோர்ட்ல ரெண்டு வரி அடிங்க, எழுத்து லேட்டா வந்தா தினமும் அந்த எரிச்சல் தான். படிக்க தெரியாத பெரியவங்களுக்கு எடுக்குறீங்கன்னா ஸ்க்ரீன்ல இருக்குறத தமிழ்ல வாசிச்சு காட்டுற வசதி இருக்கான்னு பாருங்க, ஜியோபோன் நெக்ஸ்ட்ல ஒரு உருப்படியான விஷயம்னா அது தான்.

பேசுறதுக்கும் யுபிஐக்கும் மட்டும் தான் போன் வேணும்னா ஸ்மார்ட்போனே தேவையான்னு யோசிங்க. 2023-ல ஜியோபாரத் பட்டன் போன் 999 ரூபாக்கு வந்துச்சு, 28 நாளைக்கு 123 ரூபா பேக், 14 ஜிபி. அதுவும் ஜியோ லாக் தான், ஆனா தாத்தா பாட்டிக்கு லாக் ஒரு பிரச்சனையே இல்ல. பட்டன் போன்ல வாட்ஸ்அப்ப மட்டும் நம்பி வாங்காதீங்க, பழைய ஜியோபோன்ல இருந்த கைஓஎஸ்ங்கிற சிஸ்டத்துல வாட்ஸ்அப்ப புதுசா டவுன்லோட் பண்றத 2024 ஜூன்லயே நிறுத்திட்டாங்க.

வாங்குனா *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு போனுக்கும் இருக்குற தனி அடையாள நம்பர்) பெட்டில, பில்லுல இருக்குறதும் ஒண்ணான்னு அங்கயே பாத்துடுங்க, அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி ஆப்ல அந்த நம்பர போட்டா எந்த மாடல்னு காட்டும். பில்ல போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணி வைங்க, கடை குடுக்குற தாள்ல இங்க் ஆறே மாசத்துல அழிஞ்சிடும். லாக் முடியுற தேதிய காலண்டர்ல போட்டு வைங்க, அன்னைக்கு வேற சிம் போட்டு பாருங்க, எடுக்கலைன்னா பில்லோட கஸ்டமர் கேர்ல கம்ப்ளைன்ட் குடுத்து நம்பர் வாங்கிக்கங்க. இன்டர்நெட்ல கிடைக்கிற அன்லாக் கோட போட்டு பாக்குற வேல மட்டும் வேணாம், தப்பா சில தடவ போட்டா நிரந்தரமா லாக் ஆயிடுற போனும் இருக்கு.