கடல் மீன் தொட்டியின் சம்ப்பைக் கழுவுவது எப்படி: கிழக்கின் வெக்கைக்கும் கரண்ட் வெட்டுக்கும் ஏற்ற முறை

சம்ப் என்பது மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும், தடுப்புக் கண்ணாடிகளால் அறை அறையாகப் பிரித்த வடிகட்டித் தொட்டி. மேல் தொட்டியில் மீன் தின்று மிஞ்சிய தீனி, எச்சம், உதிர்ந்த பாசி எல்லாம் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே சம்ப்புக்குள்தான் வந்து இறங்கும். எடுக்காமல் விட்டால் அங்கேயே அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனைக் குடிக்கும், நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் ஏற்றும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வெக்கையில் இந்தச் சேதம் சீக்கிரம் தெரியவரும். கடல்நீர் 25 பாகையில் லீற்றருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும். 30 பாகையில் அது 6.2 ஆகக் குறையும். சூடு ஏற ஏற அழுகலும் வேகமாகும், மீனின் மூச்சுத் தேவையும் கூடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்ப்பை முழுதாகக் கொட்டிக் கழுவும் பழக்கத்தை விடுங்கள். கிழமைக்குக் கொஞ்சம், அறை அறையாகக் கழுவுவதே இங்கே சரிவரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தேய்த்தால் அமோனியாவை மாற்றும் பக்டீரியாவில் பெரும்பங்கு போய்விடும். இரண்டு மூன்று நாளில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கீழே வரும் கணக்குகள் 120 × 45 சென்ரிமீற்றர் மேல் தொட்டிக்கும் 75 × 35 சென்ரிமீற்றர் சம்ப்புக்கும் உரியவை. மொத்தத் தண்ணீர் 250 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டியின் அளவைப் போட்டு நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

கிழமை வேலை

மேலிருந்து வரும் தண்ணீரின் அழுக்கைப் பிடிக்கும் ஃபில்டர் பையை 3 அல்லது 4 நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். 200 மைக்ரோன் பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அதன் வாய்க்கு மேலால் வழியும். அழுக்கு நேரே அடுத்த அறைக்குப் போகும். ஒன்று தொட்டியில், ஒன்று கழுவலில், ஒன்று காய்ந்தபடி என மூன்று பைகள் இருந்தால் வேலை சுலபம். பையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு 10 லீற்றர் தண்ணீரில் 100 மில்லிலீற்றர் வாசனையில்லாத பிளீச் கலந்து சில மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். மோந்து பார்க்கும்போது குளோரின் மணம் இருந்தால் இன்னும் அலச வேண்டும். சவர்க்காரத் தூள் கிட்டவும் வரக்கூடாது. துணியில் தங்கிய நுரை ஸ்கிம்மரை, அதாவது காற்றுக் குமிழிகளால் அழுக்கை நுரையாக்கிக் கழுத்து வழியே மேலுள்ள கப்பில் சேர்க்கும் கருவியை, பொங்க வைக்கும்.

ஸ்கிம்மர் கப்பை நிரம்பும்வரை விட்டுவைக்காதீர்கள். கப்பில் தண்ணீர் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிடக் கழுத்து எப்படியிருக்கிறது என்பதே முக்கியம். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்: மீன் குழம்பு வைத்த சட்டியின் விளிம்பைப்போல வழுக்கினால் நுரை மேலே ஏற முடியாமல் இறங்கிவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்தக் கழுத்தை மட்டுமாவது துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை காற்றுக் குழாயின் நுனியை இளஞ்சூடான ஆர்ஓ தண்ணீர் (உப்பும் தாதும் வடித்தெடுத்த தண்ணீர்) உள்ள கோப்பைக்குள் விட்டு, ஸ்கிம்மர் ஓடும்போதே 100 மில்லிலீற்றரை உறிஞ்ச விடுங்கள். உள்ளே காய்ந்து அடைத்த உப்பு கரையும். அந்த நேரம் நுரை திடீரெனப் பொங்கும், கப்பை முன்கூட்டியே காலியாக்கி வையுங்கள்.

அடிச்சேறு

கிழமைத் தண்ணீர் மாற்றத்துக்கு எப்படியும் 25 லீற்றர் எடுக்கிறீர்கள். அதை மேல் தொட்டியிலிருந்து எடுக்காமல் சம்ப்பின் அடியிலிருந்து எடுங்கள்; ஒரே வேலையில் இரண்டும் முடியும்.

முதலில் தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மேலிருந்து தண்ணீர் இறங்கி நிற்கும்வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கற்களுக்கு இடையில் மயிர்ப்புழுக்கள் இருந்தால் அவற்றின் முட்கள் தோலில் ஏறிக் கடுக்கும். 12 மில்லிமீற்றர் குழாயால், சேற்றைக் கிளறாமல் மேலிருந்து மெதுவாக உறிஞ்சுங்கள். தடுப்புக் கண்ணாடிகளின் அடிமூலை, ஸ்கிம்மரின் கால்கள், பம்ப்பின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களில்தான் சேறு கூடுதலாகத் தங்கும். இந்தக் கிழமை பை அறையும் ஸ்கிம்மர் அறையும், அடுத்த கிழமை பாசி அறையும் பம்ப் அறையும் என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணாடியில் படிந்த சிவப்புச் சுண்ணாம்புப் பாசியைச் சுரண்டத் தேவையில்லை, அது தண்ணீரைக் கெடுக்காது.

சம்ப்பில் கல் இருந்தால் எடுத்த அதே கடல்நீரில் ஒரு வாளியில் அமிழ்த்தி ஆட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கல்லில் உள்ள உயிர் செத்துவிடும். கல் குறைகிறதே என்று பாசிக்குடாவிலோ காயங்கேணியிலோ முருகைக் கற்களைப் பொறுக்கி வராதீர்கள். அது சட்டவிரோதம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் முருகைப் பாறைகளுக்கும் கேடு.

பாசி அறையில் கீட்டோ என்னும் நூல்போன்ற பச்சைப் பாசியை வளர்த்தால் மூன்றில் ஒரு பங்கை மாதம் ஒருமுறை அறுத்து எறியுங்கள். அது உறிஞ்சிய நைத்திரேற்று அப்போதுதான் தொட்டியைவிட்டு வெளியேறும். பந்து அடர்ந்துபோனால் உள்ளே வெளிச்சம் எட்டாமல் நடுப்பகுதி வெளுத்து அழுகும்.

ரிட்டர்ன் பம்ப்பும் கரண்ட் வெட்டும்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பை நம்பவே கூடாது. சுழலும் காந்தத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும்வரை அது ஓடும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போதுதான் சுழலத் தொடங்கமுடியாமல் ‘ம்ம்’ என்று இரைந்தபடி நிற்கும். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் இது நடந்தால் மேல் தொட்டியின் ஒட்சிசன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றச் சொல்கிறோம்.

ஒரு வாளியில் ஒரு லீற்றர் தண்ணீரும் ஒரு லீற்றர் நிறமில்லாத வினாகிரியும் கலந்து, பம்ப்பை உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் ஓடவிடுங்கள். அது நுரைத்துக் கொப்பளித்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். பிறகு முகப்பைத் திருகிக் கழற்றி, காந்தத்தை நேராக இழுத்தெடுங்கள். நடுத்தண்டு செரமிக்காக இருந்தால் சாய்த்து இழுக்கும்போது முறியும். பழைய பல் பிரஷால் தண்டு, காந்தம், அது இருக்கும் குழி மூன்றையும் தேயுங்கள். காந்தத்தின் மேலுறை வெடித்துத் துரு தெரிந்தால் திரும்பப் போடாதீர்கள். துருவிலிருந்து வரும் உலோகம் பவளத்துக்கு நஞ்சு. இரு முனையிலும் உள்ள சிறு ரப்பர் வளையங்கள் கழுவும் தண்ணீரோடு போய்விடும், முதலில் அவற்றை ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். வினாகிரியும் பிளீச்சும் ஒரே வாளியில் ஒருபோதும் கலக்கக்கூடாது. அதில் எழும் குளோரின் வாயு நெஞ்சைப் பிடிக்கும்.

அடுத்தது ரிட்டர்ன் குழாயிலுள்ள சைஃபன் துளை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 அல்லது 5 மில்லிமீற்றர் அகலத்தில் இருக்கும். பம்ப் நின்றதும் இந்தத் துளையால் காற்று நுழைந்து, மேல் தொட்டித் தண்ணீர் பின்னால் இறங்குவதை அறுத்துவிடும். துளை திறந்திருந்தால் மேலே 2 சென்ரிமீற்றர் குறையும். 120 × 45 × 2 என்றால் 10.8 லீற்றர், குழாயில் உள்ளது ஒரு 2 லீற்றர். சம்ப்பின் மட்டம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் உயரும். துளையைப் பாசி மூடியிருந்தால் குழாயின் வாய்வரை இறங்கும். வாய் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் என்றால் 43 லீற்றர். சம்ப்பில் 16 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி, நிலத்தில் கொட்டும். ஈர்க்கு ஒன்றை எடுத்துக் கிழமைக்கு ஒருமுறை துளைக்குள் விட்டு எடுங்கள். ஒருவழி வால்வு போட்டிருந்தாலும் இந்தத் துளையை விடாதீர்கள், வால்வின் நாக்கில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலே மூடாது.

கழுவி முடித்ததும் எல்லாவற்றையும் ஓட விட்டு, பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் கண்ணாடியில் டேப் ஒட்டுங்கள். அதற்கும் விளிம்புக்கும் இடையில் 3 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். பம்ப் ஓடும்போது நிற்கும் மட்டத்துக்கும் ஒரு டேப் ஒட்டுங்கள். தண்ணீர் விடும்போது இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். அதற்குக் கீழே அதிகம் இறங்கினால் பம்ப் காற்றை இழுத்து, மேலே பொடிக் குமிழிகளைத் தள்ளும்.

பிளக்குகளில் படியும் வெள்ளை உப்பை ஈரத் துணியால் துடைக்குமுன் மெயினை நிறுத்துங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஒழுகும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் கடல்நீர்த் தொட்டி வைக்கவே வேண்டாம்.

எந்தத் தண்ணீர், எந்தக் காலம்

ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும். 250 லீற்றரில் 10 லீற்றர் வற்றினால் ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 36.5 ஆகிவிடும். ஆகவே தினம் விடவேண்டியது ஆர்ஓ தண்ணீர், கரைந்த தாதுக்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 முதல் 5 வரை காட்டுவது. குடிக்க விற்கும் ஆர்ஓ தண்ணீரில் சில இடங்களில் தாதுக்கள் திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கும், மீட்டரில் பார்த்தே வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆகாது.

வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கும் மாதங்களில் தொட்டி வேகமாக வற்றும். அந்த வறண்ட காற்றில் சம்ப்பின் மேல் வைத்த சிறு ஃபான் நன்றாக வேலை செய்து, தண்ணீரை 2 முதல் 3 பாகை குளிர்விக்கும். அதற்கேற்பக் காலையும் மாலையும் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் ஃபானின் பலன் குறையும், அப்போது சம்ப் அலுமாரியின் கதவைத் திறந்தே வையுங்கள்.

கடலில் தண்ணீர் அள்ளுபவர்கள் மாரியில் அந்த வேலையை நிறுத்திவிடுங்கள். ஆற்றுவாய் வெட்டி வாவித் தண்ணீர் கடலில் பாயும் நாட்களில் கல்லடிக் கரையில் அள்ளுவது கலங்கலாகவும் உப்புக் குறைந்தும் இருக்கும். கோடையிலும் முகத்துவாரத்தைவிட்டுத் தள்ளிப் போய், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீற்றரில் 1.025 காட்டுவதை மட்டும் எடுங்கள். வாவித் தண்ணீர் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

சேறு உறிஞ்சும்போது கறுப்பாக வந்து கூழ்முட்டை மணம் அடித்தால் அது ஐதரசன் சல்பைட்டு. உடனே குழாயை நகர்த்தாமல் அந்த இடத்திலேயே பிடித்து, வருவதையெல்லாம் வெளியே எடுங்கள், மீதியைக் கிளறாதீர்கள். பம்ப்பைத் திரும்பப் போடுமுன் மேல் தொட்டியில் காற்றுக்கல் ஓடட்டும், பை அறையில் புது அக்டிவேட்டட் காபன் கரியைப் போடுங்கள். எடுத்த அளவுக்குக் கலந்து வைத்த கடல்நீரை விட்ட பிறகே பம்ப்பை ஓட விடுங்கள். அன்று தீனி வேண்டாம்.