போலீஸ் மீது புகார் எழுதும்போது நான் செய்த தப்பு

மலேசியாவின் பினாங்கில் போலீஸ் மீதான புகார்களை எழுதிக்கொடுத்தே எனக்குப் பாதி தலை நரைத்துவிட்டது. புதிதாக உதவ வரும் பிள்ளைகள் என் பழைய தப்புகளையே வரிசையாகச் செய்கிறார்கள். நகல் எடு, அடையாள அட்டை (ஐசி) எண்ணைச் சரிபார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

புகார் முடியட்டும், அப்புறம் வழக்கு

இதை நினைத்தால் இன்றும் எரிகிறது. பிறை என்ற ஊரிலிருந்து ஓர் அக்கா வந்தார். லாக்கப்பில் மகனுக்கு அடி. புகாரை நான்தான் எழுதினேன். "பொறுங்கக்கா, விசாரணை முடிவு வரட்டும், அதையே ஆதாரமாக வைத்து வழக்குப் போடலாம்" என்று சொன்னதும் நான்தான். 'விசாரணையில் உள்ளது' என்று கடிதம் வரும். மஞ்சள் ஃபைலில் கோத்துவைப்பேன். கோப்பு தடிக்கத் தடிக்க வேலை நடக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி வேறு.

கடைசியில் வழக்கறிஞரிடம் போனோம். அவர் கடிதங்களைப் புரட்டவே இல்லை. போலீஸ் ரிப்போர்ட்டில் சம்பவத் தேதியைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார். மூன்று வருஷம் இரண்டு மாதம்.

1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த 36 மாதத்துக்குள் வழக்கைப் பதிந்தாக வேண்டும். புகார் எங்கே கிடந்தாலும் அந்தக் கணக்கு நிற்காது. அக்கா "சரி தம்பி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன மாதம் ஒரு பையன் என் எதிரிலேயே இன்னொரு குடும்பத்திடம் அதே வசனத்தைச் சொல்கிறான்! ஃபைலைப் பிடுங்கி, அட்டையில் சம்பவத் தேதியையும் கெடு முடியும் தேதியையும் சிவப்பு மையில் எழுதினேன். புகார் ஒரு பக்கம் போகட்டும். வழக்கறிஞரை முதல் மாதமே பாருங்கள்.

ரிப்போர்ட் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமென்றால், நான்கு வாரம் கழித்து விசாரணை நிலவரத்தைக் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு. இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் வாயால் கேட்டதற்குத் தடயம் கிடையாது.

மாநிலத் தகவல் சட்டத்தை நம்புவது

பினாங்கின் 2010 தகவல் சுதந்திரச் சட்டம் மாநிலக் கோப்புகளுக்கு. போலீஸ் மத்திய அரசுடையது.

பழைய படிவத்தில் புகார் எழுதுவது

போலீஸ் மீதான புகார்களை முன்பு விசாரித்த இ.ஏ.ஐ.சி. ஆணையம் போய்விட்டது. 2023 ஜூலை முதல் அதன் இடத்தில் ஐ.பி.சி.சி. ஆணையம்.

பெயரில்லாத வழக்கு

அடித்தவர் யாரென்று அடையாளம் காட்டாமல் அரசாங்கத்தின் மேல் மட்டும் வழக்கா? நிற்பது கஷ்டம். சட்டையில் இருந்த பெயரை அன்றைக்கே எழுதிவையுங்கள்.