காட்டர் பின்னைச் சுத்தியல் இல்லாமல் கழற்ற ஒரு கருவி

ரங்கூனில் சைக்கிள் இன்னும் பிழைப்புக்கான வண்டி. 2003-ல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பழைய சைக்கிள்தான், சாமான் மூட்டையோடு வீடு திரும்ப சைக்காதான். சைக்கிளின் பக்கவாட்டில், முதுகோடு முதுகாக இரண்டு பேர் உட்காரும் இருக்கையைப் பொருத்திய வண்டி அது. மூன்று பேர் பாரத்தை ஒரே ஆள் மிதித்து இழுக்கும்போது, இடது காலின் பலம் முழுவதும் கிராங்கையும் (பெடல் பூட்டிய கை) அச்சையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு வழியாகத்தான் போகிறது. அதுதான் காட்டர் பின். பெரும்பாலும் 9.5 மில்லி தடிமன், ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், மறுமுனையில் மரை.

எங்கள் தெருவில் இதைக் கழற்றும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான். நட்டைத் திருகி எடுத்துவிட்டு சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. பின் வந்தால் சரி. வராவிட்டால் மரை முனை நசுங்கிக் காளான் மாதிரி விரிந்துவிடும். அதற்குப் பிறகு அது ஓட்டைக்குள் போகவே போகாது, டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பின் ஒழுங்காக வந்துவிட்டாலும் சேதம் சேதம்தான். அடி பின்னோடு நிற்பதில்லை; அச்சுக்குப் போய், அங்கிருந்து பால்ஸுக்கு, அதாவது பேரிங் குண்டுகளுக்குப் போய், அவை ஓடும் கப்பில் குழி விழ வைக்கிறது. அடுத்த மாதம் பெடல் மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் காரணம் அந்த அடிதான். என்னைக் கேட்டால், சைக்கிளுக்காக வீட்டில் முதலில் செய்துகொள்ள வேண்டிய கருவி காட்டர் பின் அழுத்திதான். அடிக்காமல், போல்ட்டைத் திருகிப் பின்னை நேராகத் தள்ளும் கருவி அது. லேத் தேவையில்லை. ஸ்டாண்டில் பொருத்திய டிரில், ஒரு நல்ல வைஸ், ஆக்சா பிளேடு, அரம், ஓட்டைக்குள் மரை வெட்டும் ஒரு டேப். இவ்வளவு போதும்.

கருவியின் உடம்புக்கு 25 மில்லி கனமுள்ள சாதா இரும்புத் தகடு வேண்டும். 110 மில்லி நீளம், 57 மில்லி அகலம். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விரிசல் மட்டும் இருக்கக் கூடாது. வார்ப்பிரும்பாக இருந்தால் வாங்காதீர்கள். இழுவிசையில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அரத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் தெரிந்துவிடும். வார்ப்பிரும்பில் கருப்புத் தூள் கொட்டும், சாதா இரும்பில் பளபளவென்று சீவல் வரும்.

இதில் ‘ப’ எழுத்தைப் போல மூன்று பக்கம் இரும்பு இருந்து ஒரு பக்கம் திறந்த வாய் வெட்ட வேண்டும். வாய் 60 மில்லி அகலம், 22 மில்லி ஆழம். இரண்டு உதடும் தலா 25 மில்லி, முதுகு 35 மில்லி. முதுகைக் குறைக்காதீர்கள், அழுத்தும்போது வளையப் பார்ப்பது அந்த இடம்தான். வாயின் உள்மூலை இரண்டிலும் முதலில் 8 மில்லி ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும், வட்டமான மூலையில் கிளம்பாது. அந்த இரண்டு ஓட்டைக்கு நடுவே வரிசையாக ஓட்டைகள் போட்டு, இரண்டு பக்கமும் ஆக்சாவால் அறுத்தால் நடுத் துண்டு கையோடு வந்துவிடும். மிச்சத்தை அரத்தால் மட்டமாக்குங்கள். 25 மில்லி இரும்பை அறுக்க நேரம் பிடிக்கும். பிளேடை அழுத்தி வேகமாக இழுக்காமல், எண்ணெய் விட்டு நீளமாக, நிதானமாக இழுங்கள்.

அளவை அப்படியே நம்பி அறுத்துவிட வேண்டாம். உங்கள் வண்டியின் கிராங்கில் ஒரு அட்டையை இந்த வடிவத்தில் வெட்டி நுழைத்துப் பாருங்கள். இடது பக்கம் சுலபம். வலது பக்கம் செயின் வீல் குறுக்கே நிற்கும், உதடு அதில் முட்டக் கூடாது. திருகு வரும் நடுப்புள்ளி பின்னின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்க வேண்டும். என்னிடம் வரும் வண்டிகளுக்கு வாயின் அடியிலிருந்து 11 மில்லி தள்ளி ஓட்டை போட்டால் சரியாக இருக்கிறது.

இப்போது மேல் உதட்டில் திருகுக்கான ஓட்டை. 12 மில்லி போல்ட், மரைக்கு மரை 1.75 மில்லி என்றால் 10.2 மில்லி பிட். முதலில் சென்டர் பஞ்சால் நடுப்புள்ளியில் ஒரு குழி, அப்புறம் 5 மில்லி, அப்புறம் 8, கடைசியில் 10.2. டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பிச் சீவலை உடைத்துக்கொண்டே போங்கள். டேப் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். முதல் மூன்று சுற்றில் கோணினால் கடைசி வரை கோணல்தான்.

கீழ் உதட்டில் வேண்டியது 12 மில்லி ஓட்டை. பின் அழுத்தி வெளியே வரும்போது அதன் தலை இந்த ஓட்டைக்குள் போகும். இரண்டு ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் சாய்ந்து கடிக்கும். ஸ்கேல் வைத்து அளந்து குறித்தால் அந்தத் துல்லியம் வராது. ஒரு 12 மில்லி போல்ட்டின் முனையைக் கிரைண்டரில் ஊசியாகக் கூராக்கி, மரை போட்ட மேல் ஓட்டை வழியாக இறக்கித் திருகுங்கள். முனை கீழ் உதட்டைத் தொட்டதும் ஸ்பேனரால் ஒரு அழுத்து. அது குழி வைக்கும் இடம்தான் சரியான நடுப்புள்ளி. அதில் பிட்டை வைத்துத் துளையுங்கள். பிசிறை வட்ட அரத்தால் எடுத்துவிடுங்கள்.

அழுத்தும் போல்ட்டுக்குத் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்ததை வாங்குங்கள். எண் இல்லாத போல்ட் இரண்டு பின்னுக்குள் மரை உரிந்துவிடும். அதன் முனையை மட்டமாக்கி, நடுவில் டிரில்லால் ஒரு சின்னக் குழி போட்டு, கிரீஸ் வைத்து ஒரு கால் இஞ்ச் பாலை உட்கார வையுங்கள். பின்சக்கர ஹப்பின் பழைய பால் போதும். பாலுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு சின்னத் தொப்பி: ஒரு பக்கம் பால் உட்காரும் குழி, மறுபக்கம் பின்னின் மரை முனை நுழையும் பொந்து. இது இருந்தால் போல்ட் சுற்றும்போது பின் சேர்ந்து சுற்றாது, பலம் முழுவதும் நேராக அழுத்தத்துக்கே போகும்.

தொப்பிக்கு லாரியின் பட்டை ஸ்பிரிங் துண்டு அருமையான இரும்பு. வாங்கும்போது அது கடினமாக இருக்கும். சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஒரு இரவு விட்டால் மெத்தென்றாகி டிரில் இறங்கும். வேலை முடிந்ததும் மறுபடி காய்ச்சுங்கள். காந்தத்தைக் காட்டி, அது ஒட்டாமல் போகும் சூட்டைத் தாண்டிக் கொஞ்சம் விட்டு, எண்ணெயில் தோய்த்தெடுங்கள். அந்த நிலையில் அது கண்ணாடிபோல் உடையும், அதனால் ஒரு முகத்தைப் பளிச்சென்று தேய்த்து, மெதுவாக மறுபடி சூடேற்றி நிறத்தைக் கவனியுங்கள். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, அதன் பின் நீலம். நீலம் எட்டும்போது, அதாவது சுமார் 300 டிகிரியில், நெருப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். நாகம் பூசிய போல்ட்டையோ வாஷரையோ இப்படிக் காய்ச்சவே கூடாது, அந்தப் புகை விஷம்.

டிரில் பக்கத்தில் வேலை செய்யும்போது லுங்கி வேண்டாம். கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சுற்றும் பிட் துணியைப் பிடித்தால் ஆளையே இழுக்கும். கையுறையும் அதே காரணத்துக்காக வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இன்னொன்று, எங்கள் ஊரில் இதுதான் மிகப் பெரிய ஆபத்து: ஓட்டை பாதியில் இருக்கும்போது கரண்டு போய்விடும். உடனே சுவிட்சை அணையுங்கள், பிளக்கையும் உருவுங்கள். பிட் இறுகிவிட்டதே என்று கையால் திருப்பிக்கொண்டிருக்கும்போது கரண்டு திரும்பி வந்தால் விரல் போய்விடும். அறுப்பது, அரம் போடுவது, மரை போடுவது எல்லாம் கைவேலை. கரண்டு இருக்கும் நேரத்தை ஓட்டைகளுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள்.

கழற்றும் முறை இது. முந்தின இரவே பின்னைச் சுற்றி மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து விடுங்கள். நட்டை முழுக்க எடுத்துவிட்டு, தொப்பியை மரை முனையில் மாட்டி, போல்ட்டை நீளமான ஸ்பேனரால் இறுக்குங்கள். கடினமாகி நிற்கும் இடத்தில் பலத்தைக் கூட்டாமல் அப்படியே கொஞ்ச நேரம் விடுங்கள், அப்புறம் இன்னொரு கால் சுற்று. ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதோடு பின் விட்டுக்கொடுத்துவிட்டது. சைக்கா ஓட்டும் அண்ணன் ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, “உடைஞ்சிருச்சா தம்பி?” என்று பதறினார். உடையவில்லை, பின் முழுசாக, மரை கெடாமல் வந்திருந்தது. அதையே மறுபடி போட்டுக்கொடுத்தேன்.

போடும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது. புதுப் பின்னின் சரிவை அச்சின் வெட்டோடு பொருத்திப் பார்த்து, ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் அந்த இடத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு அழுத்தியைத் திருப்பி மாட்டுங்கள். திருகு பின்னின் தலையை அழுத்த, மரை முனை கீழ் ஓட்டைக்குள் வர வேண்டும். பின்னை உட்கார வைப்பது அழுத்தியின் வேலை. அதைப் பிடித்துக்கொள்வது மட்டுமே நட்டின் வேலை. நட்டால் இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும். பாரம் ஏற்றி ஒரு நாள் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை அழுத்தியைப் போட்டு, நட்டை இறுக்கிவிடுங்கள். புதுப் பின் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

கிராங்க் வந்துவிட்டால் அடுத்த சிக்கல் வலப்பக்கக் கப்பு. ஆங்கில மரை உள்ள வண்டிகளில் அது இடது மரை, கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இதற்கு 16 மில்லி போல்ட் ஒன்று, தடித்த வாஷர்கள், ஒரு நட்டு போதும். போல்ட் தலை வெளியே, நட்டு உள்ளே இருக்கும்படி கப்பை நடுவில் வைத்துக் கவ்வ விட்டு, வெளியிலிருந்து தலையைக் கடிகாரத் திசையில் திருப்புங்கள். போல்ட் இறுகும், இறுகியதும் கப்பையும் சேர்த்துச் சுற்றும். திரும்பப் போட, இடப்பக்கக் குழாய் வழியாக நீண்ட பாக்ஸ் ஸ்பேனரை விட்டு உள்ளே இருக்கும் நட்டைத் திருப்ப வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அதுவும் கடிகாரத் திசைதான், கப்பும் இறுகும். வாஷர் கப்பின் பால் ஓடும் பாதையைத் தொடாத அளவில் இருக்கட்டும்.